ஒரு நாள் குறைவாக

அந்தப் பெண் நேற்று இருபத்தொரு நாள் என்றாள். இன்று இருபது என்றாள்.

ஃபரங்கீஸ் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள். விரித்த துணியின் ஒரு பக்கம் வாய் திறக்காத பிஸ்தாக்கள் குவிந்து கிடந்தன. மறுபக்கம் அவள் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நெரித்து வாய் பிளக்க வைத்தவை. ஈரானின் கெர்மானில் குளிர்காலத்து நான்கு மணி என்பது ஊரே சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்திருக்கும் நேரம். மண்ணெண்ணெய் அடுப்பின் உறுமலும், அதன் மேல் வைத்த தண்ணீர் முணுமுணுப்பதும், கைபேசிக்குள் யாரோ ஒருத்தி சீராக மூச்சு விடுவதும் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை.

“நேத்து இருபத்தொண்ணுன்னு சொன்னியேம்மா.”

“ஆமா கானும். நேத்து இருபத்தொண்ணு. இன்னைக்கு இருபது. நல்லா தூங்கறேன், நல்லா சாப்பிடறேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

ஃபரங்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. அபினை விட்ட முதல் மாதத்தில் யாருக்குத்தான் கணக்கு நின்றது? அவளே அப்போது ஒரே வாரத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்தவள். “சரி, இருபதுன்னா இருபது. நாளைக்கும் கூப்பிடு,” என்று சொல்லிக் கைபேசியை வைத்துவிட்டாள்.

பெயரைக் கேட்கவில்லை. அவளும் இவளை ‘கானும்’, அதாவது அம்மணி, என்று மட்டுமே அழைத்தாள். கேட்கக் கூடாது. அபினை விட்ட பெண்கள் கூடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவ்வளவு பிடிவாதமாகக் காக்கிற விதி வேறு கிடையாது. யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, புருஷன் என்ன வேலை என்று எவளும் எவளையும் துருவக் கூடாது. பழையவர்கள் தங்கள் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தேநீர் மேஜையில் வைத்துவிட்டு வருவார்கள். எடுப்பவள் எடுக்கலாம். அழைத்தால் எடுத்தே தீர வேண்டும், எத்தனை நாள் சுத்தம் என்று அவள் சொல்கிறாளோ அதை நம்பியே தீர வேண்டும். அப்படி நம்பி நம்பித்தான் ஃபரங்கீஸும் பிழைத்து எழுந்தாள்.

இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கு எட்டு வயது. விட்ட நாளைத்தான் இவர்கள் பிறந்தநாள் என்பார்கள். கேக் வெட்டுவார்கள், மெழுகுவத்தி ஊதுவார்கள், முப்பத்தாறு வயதுப் பெண் “எனக்கு எட்டு வயது” என்று சொல்லி அழுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள். மகன் நவீதுக்கு இதில் ஒரே கொண்டாட்டம்.

“எனக்குப் பதினொண்ணு, உனக்கு எட்டு. அப்ப நான்தான் வீட்டுக்குப் பெரியவன். போய் ஹோம்வொர்க் எழுதும்மா!”

அவன் மூன்று மாதமாகத்தான் அவளோடு இருக்கிறான். அதற்கு முன்னால் மாமியார் துபா கானும் வளர்த்தாள். கணவனும் அதே புகையில் கிடந்தவன். துறைமுகப் பக்கம் போனவன் திரும்பவில்லை. ஏழே முக்கால் வருடம் பார்த்து, சோதித்து, மூக்கைச் சுளித்து, கடைசியில் கிழவி பையனின் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். ஒரு சின்ன அடையாளம் கண்ணில் பட்டாலும் அன்றைக்கே கூட்டிப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் வைத்தாள். ஃபரங்கீஸ் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிடாத குறை.

மறுநாள் பத்தொன்பது. அதற்கு மறுநாள் பதினெட்டு.

பதினைந்தில் குரல் மாறியது. மூக்கடைத்த குரல். பதின்மூன்றில் தூக்கம் வரவில்லை என்றாள். பன்னிரண்டில், “கால் தானா உதறுது கானும், கட்டிப் போடலாமான்னு இருக்கு,” என்றாள். விட்டவள் நாளுக்கு நாள் தேறுவாள். இவளோ நாளுக்கு நாள் விட்ட நாளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒரு நூல்கண்டைத் திருப்பிச் சுற்றுவது போல இருந்தது. ஃபரங்கீஸ் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வா என்று கூப்பிட்டாள்.

“நான் வந்துட்டுத்தானே இருக்கேன்,” என்றாள் அந்தப் பெண்.

அவள் பேசாமலிருந்த இடைவெளிகளில் ஃபரங்கீஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கத்திலும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு உறுமியது. அந்தப் பக்கத்திலும் தண்ணீர் முணுமுணுத்தது. யாருடைய வீட்டில்தான் அடுப்பு இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அவள் எழுந்து போய்த் தன் அடுப்பை அணைத்துப் பார்த்தாள். கைபேசிக்குள் உறுமல் நின்றது. குளிரில் விரல்கள் விறைக்கும் வரை அப்படியே நின்றிருந்துவிட்டுத்தான் அவள் மறுபடி தீக்குச்சியைக் கிழித்தாள்.

கணக்கு பத்துக்கு வந்த நாள் காலை, முகம் கழுவும்போது, ஃபரங்கீஸின் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

சளி என்று நினைத்தாள். ஆனால் சளிக்கு முழங்கால் எலும்புக்குள் எறும்பு ஊராது. சளிக்குக் கையெல்லாம் இறகு பிடுங்கிய கோழியின் தோலாகப் புடைக்காது. இரவு முழுக்கப் படுக்கையில் கால் தானாக உதறியது; வியர்த்தது, அடுத்த கணம் நடுங்கியது, கண்ணிலிருந்து காரணமில்லாமல் நீர் வடிந்தது. இந்த உடம்பு அவளுக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முறை இதற்குள் கிடந்து, பாயைக் கடித்து, செத்தால் போதும் என்று சுவரில் தலையை முட்டியிருக்கிறாள். அபினை விடுகிறவளின் உடம்பு இது. அவள் எட்டு வருடமாக அதைத் தொட்டதே இல்லை. தொடாததை எப்படி விட முடியும்?

ஏழு என்று அந்தப் பெண் முனகிய வெள்ளிக்கிழமை, துபா கானும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருமகளே, எழுந்திரு. இந்தா, மருந்துக்கடையில வாங்கினது. உள்ள போய் ஒண்ணுக்குப் போயிட்டு வா, நான் கதவுகிட்ட நிக்கறேன்.”

“அத்தை, பையன் இருக்கான்...”

“பையன் இருக்கறதாலதான் சொல்றேன்.”

சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. சுத்தம். கிழவி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காகிதம் சொல்றதை நம்பறதா, உன் மூஞ்சி சொல்றதை நம்பறதா? அடுத்த சனிக்கிழமை உன் பிறந்தநாள் கேக்கைத் தின்ன வர்றேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா, பையனோட பெட்டியும் என்னோட வரும்.”

செவ்வாய்க்கிழமை. கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு, ஃபரங்கீஸும் அவளுடைய வழிகாட்டி எஷ்ரத்தும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எஷ்ரத்துக்குப் பத்தொன்பது வயது. அதாவது உண்மையில் அறுபது தாண்டிவிட்டது. ஃபரங்கீஸ் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லும்போதே மணி நான்கு ஆனது. கைபேசி ஒலித்தது. எஷ்ரத் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “குடு, நான் கேக்கறேன்,” என்று வாங்கிக் காதில் வைத்தாள்.

வெகுநேரம் கேட்டாள். பிறகு மெல்ல அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன சொன்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு குழந்தை அழுவுது. கைக்குழந்தை.” எஷ்ரத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஃபரங்கீஸ் ஜான், என் கண்ணே, எட்டு வருஷத்துக்கு முன்னாடி உன் கதை முழுசையும் என்கிட்ட சொன்னே. திருடினது, வித்தது, பொய் சொன்னது எல்லாம். சொல்லாம வச்சது ஏதாவது இருக்கா?”

இருந்தது.

பாரான். அவள் மகள். எட்டு மாதம். கீழ்வரிசையில் முதல் பல் முளைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் துபா கானும் நம்பினாள், ஊர் நம்பியது, எஷ்ரத் நம்பினாள். அன்றைக்கு மதியத்திலிருந்து குழந்தை வாய் மூடாமல் அழுதாள். இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் காலங்காலமாகச் செய்ததைத்தான் ஃபரங்கீஸும் செய்தாள்: அரை அரிசி அளவு அபினை இனிப்புத் தேநீரில் கரைத்து, கரண்டி நுனியால் ஒரு சொட்டு. குழந்தை தூங்கும், வலி போகும். ஆனால் அன்று அவள் கை தன் நிலையில் இல்லை. கரைந்தது அரை அரிசி அல்ல. குழந்தை தூங்கினாள். வீடு அமைதியானது, அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது, அதற்காகவே அவள் தன்னை மன்னித்ததில்லை. மறுநாள் புதைத்துவிட்டு வந்து, அபின் புகைக்கும் நெருப்புச் சட்டியை உடைத்தாள். அதுதான் அவளுடைய பிறந்தநாள்.

இந்த வெள்ளிக்கிழமை பாரான் போன தேதி. செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மூன்று நாள். அந்தப் பெண் வாய் திறந்திருந்தால் இன்று என்ன சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் ஃபரங்கீஸுக்குப் புரிந்தது.

சொல்லலாம். எஷ்ரத் யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆனால் சொன்னால் அது வெளியே வந்துவிடும். வெளியே வந்தது ஒரு நாள் துபா கானுமின் காதுக்குப் போகும். போனால் நவீத் அவளை எப்படிப் பார்ப்பான்? தங்கையைக் கொன்றவள் பிசைந்து கொடுக்கும் சோற்றைத் தின்பானா?

“ஒண்ணும் இல்லக்கா,” என்றாள். “எல்லாம் சொல்லிட்டேன்.”

 எஷ்ரத் எழுந்து, மிச்சக் கோப்பைகளைக் கழுவினாள்.

புதன்கிழமை கைபேசியை அணைத்து மாவுப் பாத்திரத்துக்குள் வைத்தாள். நான்கு மணிக்குக் குளியலறையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, வாசல் மணி அடித்ததும், நவீத் ஓடிப்போய், வாசலில் நிற்பவரோடு பேசும் சுவர்ப் பேசியை எடுத்ததும் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பையன் சிரித்தபடி நின்றிருந்தான்.

“ஏம்மா, நீ எப்ப வெளிய போயிட்டு எப்ப உள்ள வந்தே?”

“நான் எங்கடா போனேன்?”

“அப்ப வாசல்ல பேசினது யாரு? ‘அம்மாகிட்ட ரெண்டுன்னு சொல்லு’ன்னு சொன்னே. உன் குரல்தான். நீ விளையாடறேன்னு நினைச்சேன்.” அவன் சிரிப்பு மெல்ல வற்றியது. “அம்மா? ஏன் இப்படிப் பார்க்கறே?”

வாசலில் யாரும் இல்லை. தெருவில் பனி படிந்த மண்ணில் காலடித் தடம் ஒன்று இருந்தது. உள்ளே வரும் தடம் மட்டும்.

வியாழக்கிழமை எந்த மணியும் அடிக்கவில்லை. நவீதைத் தன் அறையில் உட்கார வைத்து, கதவைப் பூட்டி, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்கு மணியைக் கடந்துவிட்டதாக அவள் நினைத்த நொடியில், அவளுடைய வாயே திறந்து, “ஒண்ணு,” என்றது. பையன் அவள் கையை விலக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை உடம்பு சரியாகிவிட்டது.

எலும்பு வலி இல்லை. நடுக்கம் இல்லை. யாரோ நள்ளிரவில் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போனது போல. ஃபரங்கீஸ் தரையில் நெற்றியை வைத்து அழுதாள். தப்பித்தோம், நாளைக்குக் கிழவி வந்து இந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். முட்டை பொரித்தாள், ரொட்டியைச் சூடாக்கினாள், பையனோடு சீட்டு விளையாடி வேண்டுமென்றே தோற்றாள். மதியம் நெருங்க நெருங்கச் சுகம் கூடியது. பிடரியிலிருந்து முதுகு வழியாக இளஞ்சூடாக ஒன்று இறங்கியது. இமை கனத்தது. உதடு தானாகப் புன்னகைத்தது.

அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு.

அவள் எழுந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. வாசனை போகவில்லை. கருகிய, தித்திப்பான, பழைய வாசனை. திரைச்சீலையில். தலையணையில். தன் கூந்தலில்.

“அம்மா, பல் வலிக்குது.”

கீழ்க் கடைவாய்ப் பல். வெள்ளிக்கிழமை விடுமுறை, பல் டாக்டர் ஒருவரும் இல்லை. கிராம்பு வைத்தாள். உப்புத் தண்ணீர் கொடுத்தாள். மாத்திரை கொடுத்தாள். எதற்கும் மசியவில்லை. வீட்டுக்குப் பெரியவன் என்று பீற்றிக்கொள்பவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தையாக அழுதான். கேட்கக் கேட்க அவள் தலைக்குள் அது சுற்றியது. அந்த அழுகைக்கு அடியில் இன்னொரு அழுகை. சின்னது. நிற்காதது.

நான்கு மணி. காலையில் மாவுப் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கூடத்தில் சார்ஜில் போட்டிருந்த கைபேசி ஒலித்தது. எடுத்தாள்.

“சொல்லு.”

“இன்னைக்கு எண்ண ஒண்ணும் இல்ல கானும்.” நிதானமான குரல். தூங்கி எழுந்த குரல். அவளுடைய குரல். “வந்துட்டேன்.”

பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதது, ஏதோ கிணுகிணுத்தது. கண்ணாடிக் கோப்பையில் கரண்டி.

“அது என்ன சத்தம்?”

“டீ. கொஞ்சம் கூட இனிப்புப் போட்டேன். கசப்பு தெரியக் கூடாதுல்ல?”

“வேணாம்!” ஃபரங்கீஸ் அலறினாள். “குடுக்காதே! அவளுக்குக் குடுக்காதே! அது ரொம்ப அதிகம், பாரான் செத்துடுவா! காய்ச்சல் இல்ல, நான்தான் குடுத்தேன்... நான்தான் கொன்னேன்... என் பொண்ணை நான்தான்...”

எட்டு வருடம் சொல்லாதது. யாருமில்லாத கூடத்தில். ஒரு கைபேசிக்குள்.

கரண்டிச் சத்தம் நின்றது. அந்தப் பெண் பேசியபோது, புதிதாய் வந்தவளிடம் பழையவள் பேசுவது போல அவ்வளவு கனிவாகப் பேசினாள்.

“பாரான் போய் எட்டு வருஷம் ஆச்சே கானும். அவளுக்கு எதுக்கு? நவீதுக்குத்தான் பல்வலி.”

அழுகை நின்றது.

கைபேசியில். அறையில். இரண்டும் ஒன்றாக.

ஓடினாள். ஓடுவதாக நினைத்தாள். கூடம் நீண்டது. கதவு. கைப்பிடி. இருட்டு.

உட்கார்ந்திருந்தாள்.

பையனின் கட்டிலில், அவன் தலைமாட்டில். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. கையில் கைபேசி இல்லை. அது கூடத்தில், சார்ஜில், அணைந்து கிடந்தது. திறந்த கதவு வழியே தெரிந்தது. வலது கையில் ஒரு சின்னக் கரண்டி. ஈரம். இன்னும் சூடு.

“வலி போயிடுச்சும்மா,” என்றான் நவீத்.

உதட்டோரம் பழுப்பாக ஒரு கோடு. பாதி மூடிய கண்ணில், கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருந்தது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு அவ்வளவு பிடித்த சிரிப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

மூச்சு.

இடைவெளி.

மூச்சு.

நீண்ட இடைவெளி.

கத்து என்று தனக்குத்தானே சொன்னாள். எழுந்திரு. தூக்கு. தெருவுக்கு ஓடு. எஷ்ரத்தைக் கூப்பிடு, கிழவியைக் கூப்பிடு, யாரையாவது. உடம்பு கேட்கவில்லை. உடம்புக்கு இளஞ்சூடாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

அவளுடைய இடது கை பையனின் மார்பில் இருந்தது. மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைத் தூங்க வைக்கிற தட்டல். நிறுத்து என்றாள். விரல்களைப் பார்த்து, கண்ணீர் வழிய, நிறுத்து, நிறுத்து என்றாள்.

அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

கை தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.